ஜெர்சியை மாற்றுவதா, முடிவெடுப்பவரை மாற்றுவதா?

2026 ஜூலை 1 முதல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகமும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் தங்கள் அணிகளின் சீருடைக்கு நைக்கியை விட்டு அடிடாஸுக்குப் போகின்றன. இரண்டும் பத்தாண்டு ஒப்பந்தம். 2025-இல் செய்தி வெளியான நாளிலிருந்தே ரசிகர்களிடம் இரண்டு கட்சி. ‘பழைய ஜெர்சியில் கை வைக்காதே’ என்பது ஒன்று. ‘புது கம்பெனி வருகிறது, புதுசாக ஏதாவது செய்’ என்பது இன்னொன்று. கூடவே எப்போதும் வருகிற மூன்றாவது பேச்சும் சேர்ந்துகொண்டது: இதையெல்லாம் முடிவு செய்கிற விளையாட்டுத் துறை இயக்குநர் சரியான ஆள்தானா?

இந்த மூன்று பேச்சும் ஏன் ஒட்டிக்கொண்டே வருகின்றன என்றால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுத் துறைக்கு ஓர் இயக்குநர் இருப்பார். ஃபுட்பால் (கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) பயிற்சியாளரை நியமிப்பது, நீக்குவது, டிக்கெட் விலை வைப்பது, ஜெர்சி கம்பெனியோடு பேரம் பேசுவது எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். மைதானமும் சாதாரணமானதல்ல. மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். டென்னசியின் நேலண்ட் மைதானத்தில் 1,01,915 பேர். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த அணியின் நிறத்தை உடுத்திக்கொண்டு வருகிறார்கள். ஷேடு கொஞ்சம் மாறினாலும் அவர்கள் அலமாரியில் இருக்கிற சட்டை பழசாகிவிடும்.

சீருடை விஷயத்தில் ஒரு கல்லூரியின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கிற முடிவு இது: துணியை எவ்வளவு மாற்றலாம் என்பது, மற்றவை எவ்வளவு நிலையாக நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. பயிற்சியாளர், இயக்குநர், கம்பெனி, ஜெர்சி என்ற நான்கில் இரண்டு மூன்றை ஒரே சமயத்தில் மாற்றப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

தொடாமல் விடுவது

பென் ஸ்டேட்டின் உடையைப் போல எளிமையான உடை பெரிய அணிகளில் வேறு எதற்கும் கிடையாது. வெள்ளை ஹெல்மெட், நடுவில் ஒரே ஒரு நீலக் கோடு, லோகோ இல்லை. நீல ஜெர்சி, வெள்ளை பேன்ட், கறுப்பு ஷூ. இந்த நிறம் வந்த விதமே சாயம் பற்றிய பாடம். 1887-இல் மாணவர்கள் தேர்ந்தெடுத்தது அடர் பிங்க்கும் கறுப்பும். துவைத்து வெயிலில் காயப்போட்டதில் பிங்க் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. 1890-இல் நீலமும் வெள்ளையும் என்று முடிவு செய்தார்கள். அது இன்றுவரை நிற்கிறது.

இந்த வழியின் பலம் செலவு குறைவு என்பது மட்டுமல்ல. எதையும் மாற்றாத உடையில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் அது மைதானம் முழுக்கக் கேட்கும். 2012-இல் அதுதான் நடந்தது. பழைய துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கிமேலான சிறார் பாலியல் கொடுமை வழக்கின் தொடர்ச்சியாக அந்த ஜூலையில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, 6 கோடி டாலர் அபராதமும், சீசன் முடிவில் நடக்கிற பௌல் ஆட்டங்களில் ஆட நான்கு ஆண்டுத் தடையும் விதித்தது. வீரர்கள் காத்திருப்பு இல்லாமல் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றும் அனுமதித்தது. போகாமல் நின்றவர்களின் பெயரை, அந்த ஆண்டு வந்த பயிற்சியாளர் பில் ஓபிரையன் ஜெர்சியின் முதுகில் தைக்கச் சொன்னார். அதற்கு முன் பென் ஸ்டேட் ஜெர்சியில் வீரர் பெயர் இருந்ததே இல்லை. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2015-இல் பெயர்களை எடுத்துவிட்டார். இரண்டு முடிவையும் ஆதரித்தவர்கள் உண்டு, எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் ஏன் என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் இருந்தது. அப்படி ஒரு வரியில் காரணம் சொல்ல முடியாத மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே மேல்.

பலவீனமும் உண்டு. ஜெர்சி கம்பெனிக்குப் புது டிசைன்தான் வியாபாரம். ஒன்றுமே மாறாத அணிக்கு அது கடையில் விற்கப் புதிதாக ஒன்றும் இருக்காது. அதனால் கம்பெனி ஆண்டுதோறும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். 2017 செப்டம்பர் 30 அன்று இண்டியானாவுக்கு எதிராகப் பழைய காலத்து அடையாளங்களைச் சேர்த்த ஒரு ஜெர்சியைப் பென் ஸ்டேட் அணிந்தது, ஆட்டத்தையும் வென்றது. எப்போதாவது ஒரு முறை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரம் ஓர் உடை

இந்த வழிக்கு ஓரிகன் உதாரணம். 1996 ஜனவரி 1 அன்று காட்டன் பௌலில் கொலராடோவிடம் 38–6 என்று தோற்ற பிறகு, நைக்கியை நிறுவியவர்களில் ஒருவரும் ஓரிகனின் பழைய மாணவருமான ஃபில் நைட், அணிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு உதவத் தொடங்கினார். 1990-களின் கடைசியில் புது ‘ஓ’ லோகோ வந்தது. பிறகு ஹெல்மெட், ஜெர்சி, பேன்ட், சாக்ஸ் என ஒவ்வொன்றிலும் பல நிறங்கள். கலந்து போட்டால் வாரத்துக்கு ஒரு தோற்றம். 2012 ஜனவரி 2 ரோஸ் பௌலில் கண்ணாடிபோல் பளபளத்த ஹெல்மெட்டோடு விஸ்கான்சினை 45–38 என்று வென்றார்கள். பச்சையும் மஞ்சளும் சொந்த நிறமாக இருக்க, பச்சையே இல்லாத உடையில் இறங்குகிறார்களே என்று பழைய ரசிகர்கள் குறைபட்டதும் உண்டு.

இது ஓரிகனில் ஏன் பலித்தது என்பதைத்தான் மற்றவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பல்கலைக்கழகம் இருக்கிற யூஜீன் நகரைச் சுற்றி பெரிய வீரர்கள் அதிகம் கிடைப்பதில்லை. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இருக்கிற 17 வயதுப் பையனின் கண்ணில் பட வேண்டும். உடை அதைச் செய்தது. நைக்கியின் தலைமையகமும் காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். இவற்றைவிட முக்கியமான காரணம் பயிற்சியாளர் நாற்காலி. 1995-இல் மைக் பெலாட்டி, 2009-இல் சிப் கெல்லி, 2013-இல் மார்க் ஹெல்ஃப்ரிச் என மூவரும் அதே அணியில் தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளராக இருந்து உயர்த்தப்பட்டவர்கள். 2016 சீசன் முடியும்வரை வெளியாள் யாரும் வரவில்லை. உடை வாரம்தோறும் மாறியது. உள்ளே ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கை மாறவில்லை.

மேரிலாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. அங்கேயும் பழைய மாணவர் ஒருவர் இருந்தார்: அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடைக் கம்பெனியின் நிறுவனர் கெவின் பிளாங்க். 2010-இல் 9–4 (9 வெற்றி, 4 தோல்வி) என்று முடித்த பயிற்சியாளர் ரால்ஃப் ஃப்ரீட்ஜனை அனுப்பிவிட்டு ராண்டி எட்சலைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்ததும் ஜெர்சியிலிருந்து வீரர் பெயர்கள் போயின. 2011 செப்டம்பர் 5 அன்று மாநிலக் கொடியை ஹெல்மெட்டிலும் தோளிலும் இரண்டு பாதியாக ஒட்டிய உடையில் மயாமியை 32–24 என்று வென்றார்கள். அன்று இரவு நாடே அந்த உடையைப் பற்றிப் பேசியது. அந்த சீசனை அணி 2–10 என்று முடித்தது. கொடி நல்ல டிசைன்தான். மேரிலாந்துக்காரர்களுக்குத் தங்கள் கொடிமேல் உண்மையான பிரியம் உண்டு. பின்னாளிலும் அது அணியின் அடையாளமாக நிலைத்தது. ஆனால் புது பயிற்சியாளர், புது ஒழுங்கு, புது உடை மூன்றும் ஒரே மாதங்களில் வந்ததால் தோல்வி ஒவ்வொன்றும் உடைமேலும் விழுந்தது.

வருடத்துக்கு ஒன்று

பெரும்பாலான அணிகள் எடுக்கிற நடுவழி இது. வழக்கமான உடை அப்படியே இருக்கும். சீசனில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் தனி உடை. டென்னசியின் ‘ஸ்மோக்கி கிரே’ இதற்கு நல்ல மாதிரி. ஸ்மோக்கி மலைத்தொடரும், அணியின் நாயான ஸ்மோக்கியும் சாம்பல் நிறத்துக்குக் காரணம். 2013 அக்டோபர் 5 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக முதலில் அணிந்தார்கள். கூடுதல் நேரத்தில் 34–31 என்று தோற்றார்கள். ஆனாலும் அந்த நிறம் நின்றுவிட்டது, ஏனென்றால் அது அந்த ஊருக்குரியது.

இதில் எங்கே தவறுகிறார்கள் என்று பார்க்க மிச்சிகனுக்குப் போக வேண்டும். இறக்கை வைத்த ஹெல்மெட்டை 1938-இல் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் கொண்டுவந்ததிலிருந்து மிச்சிகனும் பென் ஸ்டேட் கட்சிதான். 2010-இல் டேவ் பிராண்டன் இயக்குநரானார். டோமினோஸ் பீட்சாவின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அதற்கு முன் மிச்சிகனின் புகழ்பெற்ற பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரின் அணியில் ஆடியவர். 2011 ஜனவரியில் பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் நீக்கப்பட்டு பிரேடி ஹோக் வந்தார். செப்டம்பர் 10 அன்று மிச்சிகன் மைதானத்தின் வரலாற்றில் முதல் இரவு ஆட்டம், நோட்ரடேமுக்கு எதிராக. அடிடாஸ் அதற்கென்றே கோடு போட்ட பழைய பாணி ஜெர்சி செய்தது. 1,14,804 பேர் வந்தார்கள். கடைசி 2 நொடிகள் மிச்சம் இருக்கும்போது, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் போட்ட டச்டவுனில் 35–31 என்று வெற்றி.

அந்த வெற்றி தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது என்பது எங்கள் கணிப்பு. அடுத்த மாதமே, அக்டோபர் 15 அன்று, தோளில் தடித்த கோடுகளோடு வெள்ளை ஜெர்சி; மிச்சிகன் ஸ்டேட்டிடம் 28–14 தோல்வி. 2012 செப்டம்பர் 1 அன்று அலபாமாவுக்கு எதிராக இன்னொரு சிறப்பு உடை, 41–14 தோல்வி. அந்தக் கோடு போட்ட ஜெர்சியை ரசிகர்கள் தேனீ என்று அழைக்கத் தொடங்கினார்கள். இதே காலத்தில், பெரிய வீரர்களின் நினைவாக இனி யாருக்கும் தருவதில்லை என்று பல்லாண்டுகளுக்கு முன் ஓய்வு கொடுத்த எண்களை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்து, நெஞ்சில் ஒரு பேட்ச் தைக்கிற திட்டமும் நடந்தது. பழைய நட்சத்திர வீரர் டாம் ஹார்மனின் 98 எண்ணை 2013-இல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் அணிந்தார். பெரியவர்களை இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்துவது நல்ல நோக்கம். ஆனால் ஓய்வு கொடுத்த எண் என்பது கொடுத்த வாக்கு. 2015-இல் திட்டத்தைக் கைவிட்டு எண்களுக்கு மீண்டும் ஓய்வு கொடுத்தார்கள்.

டிக்கெட் பக்கமும் இதே அவசரம். 2013-இல் மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிற பழைய முறையை எடுத்துவிட்டு, முதலில் வருபவருக்கு முதல் இடம் என்றார்கள். சீசன் டிக்கெட் 280 டாலர் வரை போயிற்று. மாணவர்கள் வாங்குவது குறைந்தது. 2014 செப்டம்பரில், தலையில் அடிபட்ட குவார்ட்டர்பேக்கை ஆட்டத்தில் தொடர விட்டதுதான் கடைசி அடி. மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீடுவரை ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 31 அன்று பிராண்டன் விலகினார். 2015 சீசனுக்கு மாணவர் டிக்கெட் 175 டாலராக இறங்கியது.

கோடு போட்ட ஜெர்சிக்காக யாரும் பதவி இழப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஜெர்சியும் ‘எங்களைக் கேட்காமல் செய்தார்கள்’ என்கிற கணக்கில் ஒரு வரவாகச் சேர்ந்தது. உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று நடந்தபோது இயக்குநர் பக்கம் பேச ரசிகர்களில் ஆள் இல்லை.

எல்லோருக்கும் ஒரே லோகோ

நான்காவது வழி நிர்வாகிகளுக்கு மிகவும் பிடித்தது: எல்லா அணிக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். அச்சுக்கும் தையலுக்கும் செலவு குறையும். கடையில் விற்பனை எளிது.

டென்னசியில் பெண்கள் அணிகளுக்குத் தனித் துறையே இருந்தது. பெயர் ‘லேடி வால்ஸ்’; டென்னசி அணிகளின் பெயரான ‘வாலன்டியர்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் ‘வால்ஸ்’. பேட் சம்மிட் 1974 முதல் 2012 வரை கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்து, 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்றது அந்தப் பெயரில்தான். 2012-இல் ஆண், பெண் துறைகள் இணைந்தன. 2014 நவம்பரில் இயக்குநர் டேவ் ஹார்ட்டின் காலத்தில் அறிவிப்பு வந்தது: கூடைப்பந்து தவிர மற்ற பெண்கள் அணிகள் எல்லாம் இனி ‘வாலன்டியர்ஸ்’, வெளிர்நீலம் கலந்த பழைய லோகோ போய் ஆரஞ்சு ‘டி’ மட்டும். நடைமுறைக்கு வந்த நாள் 2015 ஜூலை 1. அடிடாஸிலிருந்து நைக்கிக்கு மாறியதும் அதே நாள்.

சாஃப்ட்பால் ஆடுகிற பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தில் கூடைப்பந்து ஆடுபவள் லேடி வால். இவள் இல்லை. சம்மிட்டின் பெயருக்கு மரியாதை என்று கூடைப்பந்தை மட்டும் விட்டுவைத்ததே, மற்றவர்களுக்கு அந்த மரியாதை இல்லை என்று சொன்னதுபோல் ஆயிற்று. பழைய வீராங்கனைகளும் ரசிகர்களும் கையெழுத்து திரட்டினார்கள். மாநிலச் சட்டமன்றம்வரை பேச்சு போயிற்று. 2017-இல் பொறுப்பேற்ற ஜான் கரி, செப்டம்பர் 14 அன்று பெயரையும் லோகோவையும் எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் திருப்பிக் கொடுத்தார்.

ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்த அதே கரி, இரண்டரை மாதத்தில் பதவியிழந்தார். நவம்பர் 26 அன்று ஃபுட்பால் பயிற்சியாளராக கிரெக் ஷியானோவைக் கொண்டுவரப் போகிறார் என்ற செய்தி பரவி, ஊரே திரண்டு எதிர்த்ததில் பேச்சு முறிந்தது. டிசம்பர் 1 அன்று கரியை ஒதுக்கிவிட்டு பழைய பயிற்சியாளர் ஃபில்லிப் ஃபுல்மரை இயக்குநராக்கினார்கள். ஜெர்சியில் சம்பாதித்த நல்ல பெயர் பயிற்சியாளர் விஷயத்தில் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

துணி மேஜையில் நடப்பது

ரசிகர்கள் டிசைனைப் பற்றி வாதாடுகிறார்கள். உடையைக் கெடுப்பது பெரும்பாலும் டிசைன் அல்ல, ஷேடு.

டென்னசி ஆரஞ்சு 1889-இல் வளாகத்து மலைமேல் பூத்த டெய்சிப் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. நிறங்களுக்கு எண் கொடுக்கிற பான்டோன் அட்டவணையில் இன்று அதன் எண் 151. எண் ஒன்றாக இருந்தாலும் அதை ஏற்கிற பொருள்கள் பல. ஜெர்சி பாலியெஸ்டர் மெஷ், பேன்டில் ஸ்பான்டெக்ஸ் கலந்த இழுவைத் துணி, கழுத்தில் ரிப் பின்னல், எண்களில் ட்வில் என்ற கெட்டி நெசவுத் துணி, ஹெல்மெட்டில் பெயின்ட் அல்லது ஸ்டிக்கர். ஒவ்வொன்றும் சாயத்தை வேறுவிதமாகப் பிடிக்கும். திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த தலைவலி: லேப் டிப் (சாயம் தோய்த்த மாதிரித் துண்டு) ஒத்துப்போகும், பல்க் (மொத்தத் துணி) வந்ததும் ஷேடு தள்ளிப்போகும். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரிகிற இரண்டு துணிகள் எல்இடி வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரியலாம், ஏனென்றால் இரண்டிலும் கலந்த சாயங்கள் வேறு. மிச்சிகனின் மக்காச்சோள மஞ்சள் ஹைலைட்டர் பேனாபோல் ஆகிவிட்டது என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் புலம்பியது இந்த இடத்தில்தான். ஆகவே ஒப்புதல் கொடுப்பவர் ஐந்து பொருளின் துண்டுகளையும் சேர்த்து வைத்து, நிறம் ஒப்பிடுகிற லைட் பாக்ஸில் ஒரு முறை, மைதான விளக்கில் ஒரு முறை, டிவி கேமரா வழியாக ஒரு முறை பார்க்க வேண்டும். துவைத்த பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேடு எண்ணில் வரும். ஆரஞ்சு, மெரூன் போன்ற பாலியெஸ்டரில் வெள்ளை எண்ணைச் சூட்டில் அழுத்தி ஒட்டினால், துணியின் சாயம் ஆவியாகி வெள்ளைக்குள் ஏறும். ஒட்டிய அன்று வெள்ளையாக இருக்கும். பெட்டியில் கிடந்து எடுக்கும்போது பீச் நிறமாக இருக்கும். இதற்கு, சாயத்தைத் தடுக்கிற அடுக்கு உள்ள ஃபிலிம் வாங்கி, குறைந்த சூட்டில் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ட்வில்லை வெட்டித் தைக்க வேண்டும். தைத்த எண் உழைக்கும், ஆனால் கனம். இரண்டு மூன்று அடுக்கானால் நெஞ்சில் காற்றே போகாது. இழுவைத் துணியில் தைத்தால் சுருக்கமும் விழும்.

எண் கண்ணுக்குத் தெரிவதற்கு விதி உண்டு. முன்பக்கம் குறைந்தது 8 அங்குலம், பின்பக்கம் 10 அங்குலம், ஜெர்சி நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட்ட நிறம். சாம்பல் ஜெர்சியில் மங்கலான எண் வைத்தால் நடுவருக்கும் வர்ணனையாளருக்கும் தெரியாது. இரு அணியும் நிற ஜெர்சி போடுவதற்கும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும். 2008 டிசம்பரில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யுஎஸ்சி), லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசிஎல்ஏ) மைதானத்துக்குத் தன் சிவப்பு ஜெர்சியோடே போனது. அதற்காக ஒரு டைம் அவுட்டை, அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கிடைக்கிற ஒரு வாய்ப்பை, இழந்தது. யுசிஎல்ஏ பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் தானும் ஒரு டைம் அவுட் எடுத்துச் சமன் செய்தார். பிறகு விதியையே தளர்த்தினார்கள்.

ஹெல்மெட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மேலோடு பாலிகார்பனேட், பொருந்தாத பெயின்டும் பசையும் அதைப் பலவீனமாக்கும். தயாரிப்பாளர் அனுமதித்தது தவிர வேறு எதையும் பூசக் கூடாது. சிறப்பு உடைக்கென்று இரண்டாவது ஹெல்மெட் வாங்கினால், ஒவ்வொரு தலைக்கும் மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். இப்போது ஓர் அணியில் 105 பேர் வரை இருக்கலாம். ஆளுக்கு இரண்டு ஜெர்சி என்றால் 210, கிழிந்தால் மாற்ற எண் இல்லாத உபரி தனி. ஒரே ஓர் ஆட்டத்துக்கு.

பணம் எவ்வளவு பேச வேண்டும்

பெரிய தொகை பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் யுசிஎல்ஏவைப் பார்க்கலாம். 2016-இல் அண்டர் ஆர்மரோடு 15 ஆண்டு, 28 கோடி டாலர். அன்றைக்கு அதுவே மிகப் பெரிய ஒப்பந்தம். 2020-இல் கம்பெனி பாதியில் விலகியது. வழக்கு நடந்து 2022-இல் 6.75 கோடி டாலருக்குச் சமரசம். ஒப்பந்தம் போட்ட இயக்குநர் டேன் குவெரேரோ 2020 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றார். ஜூலை 1 அன்று வந்த மார்ட்டின் ஜார்மண்ட் தலையில் எல்லாம் விழுந்தது. இப்போது வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு (முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்) ஒவ்வோர் இயக்குநருக்கும் ரொக்கம் தேவை. கம்பெனி கொடுக்கிற பணம் கூடக் கூட, டிசைனில் அதன் குரலும் கூடும். தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால் அந்தக் குரலுக்கு எல்லை வைக்க மறந்துபோகும்.

யாரை உட்கார வைப்பது

‘கம்பெனி நடத்தியவரை வைக்காதே, அணியில் ஆடியவரை வை’ என்பது மிச்சிகனில் அப்போது கேட்ட வாதம். பிராண்டனுக்குப் பிறகு இடைக்கால இயக்குநராக வந்த ஜிம் ஹேக்கெட் யார்? ஸ்டீல்கேஸ் என்ற நாற்காலி, மேஜைக் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அவரும் போ ஷெம்பெக்லரின் அணியில் ஆடியவர். பிராண்டனுடைய அதே ஜாதகம். அவர்தான் 2014 டிசம்பரில் ஜிம் ஹார்பாவைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். 2015-இல் பயிற்சியாளர்கள், வீரர்கள் கருத்தைக் கேட்டு நைக்கிக்கு மாற ஒப்பந்தம் பேசினார். உடையோ 2016 ஆகஸ்டில்தான் மாறியது. பயிற்சியாளர் ஒரு சீசனை முடித்த பிறகு. வந்த உடையிலும் நெஞ்சில் நைக்கியின் ஜோர்டன் பிராண்டுச் சின்னம் புதிது. இறக்கை ஹெல்மெட், கோடில்லாத நீல ஜெர்சி எல்லாம் பழையபடி.

ஆகவே பழைய வீரரா, வியாபாரியா, தொழில்முறை நிர்வாகியா என்று பிரிப்பதில் பெரிய பயனில்லை. ஃபுல்மர் டென்னசியின் பிள்ளை. அவர் நியமித்த பயிற்சியாளர் 2021 ஜனவரியில் விதிமீறல் விசாரணையில் நீக்கப்பட்டார். ஃபுல்மருக்குப் பின் இயக்குநராக வந்த டேனி ஒயிட் வெளியாள். அவர் கொண்டுவந்த பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பல் நிலைத்தார். வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் பன்னிரண்டு மாதத்தில் எதை மாற்ற மாட்டீர்கள்? சிறப்பு உடை வேண்டுமா என்று கம்பெனி கேட்டால் யாரைக் கேட்டுப் பதில் சொல்வீர்கள்? உபகரண மேலாளரின் பெயர் அந்தப் பதிலில் வராவிட்டால் சந்தேகப்படலாம். ஹெல்மெட் பொருந்தவில்லை, எண் உரிகிறது என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான்.

2026-க்கு எங்கள் தேர்வு

டென்னசியில் இயக்குநரும் பயிற்சியாளரும் 2021 முதல் அதே ஆட்கள். கம்பெனி மட்டும் மாறுகிறது. அவர்கள் மூன்றாவது வழியில் போகலாம்: சாம்பல் ஓர் ஆட்டம், மற்றதெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையும். லேடி வால்ஸ் லோகோவைக் கம்பெனி மாறும் நாளில் தொட்ட தவறு 2015-இல் ஏற்கெனவே நடந்தது. எல்லாப் பெண்கள் அணிகளின் முதல் தொகுப்பிலும் அது இருக்கும் என்று ஒப்பந்த இணைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

பென் ஸ்டேட்டின் நிலை வேறு. ஃபிராங்க்ளின் 2025 அக்டோபரில் சீசனுக்கு நடுவே நீக்கப்பட்டார். அயோவா ஸ்டேட்டிலிருந்து மேட் கேம்பல் வந்திருக்கிறார். பயிற்சியாளரும் கம்பெனியும் ஒரே ஆண்டில் மாறிவிட்டன. அங்கே முதல் வழியைத் தவிர வேறு எதற்கும் 2026-இல் இடமில்லை. தோளில் அடிடாஸின் மூன்று கோடு ஓடலாமா என்று கம்பெனி கேட்கும். சின்னம் ஒரே இடத்தில், சிறியதாக என்று பதில் சொல்லலாம். முதுகில் பெயர் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் அடுத்த சீசனுக்குத் தள்ளிவைக்கலாம்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்று. புது உடை தயாராக ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், ஒப்புதல் கடிதத்தில் டிசைனுக்கு ஒரு கையெழுத்து, துணி ஷேடுக்கு இன்னொரு கையெழுத்து என்று பிரித்து வாங்க வேண்டும். ஷேடுக்கான கையெழுத்தை அலுவலகத்தில் போடக் கூடாது. சென்ற ஆண்டு ஜெர்சியையும் புதிய துண்டுகளையும் மைதானத்துக்கு எடுத்துப்போய், மேல் வரிசையில் நான்கு பேரை உட்கார வைத்து, மதியம் மூன்றரை மணிக்கு ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை, எது பழையது என்று அவர்களைக் கேட்க வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்றால் துணியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.